எதிர்க்கரைக் கொட்டில்

— யன்னலைச் சாத்து பிள்ளை. அவ எங்களைக் காணக்கூடாது.

— சாத்தினால் நாங்கள் அவவைக் காணேலாது, மாமி. வள்ளம் கடற்கோட்டையைத் தாண்டியிட்டுது. முன்னுக்கு அணியத்தில இருக்கிறது மனோகரியக்காதான். பொய்யே சொல்லுறன்?

— மாதாவே. காரைநகர் மனோகரியோ? தனியவோ?

— தனியத்தான். ரண்டு கிழவரும் ஒரு சைக்கிளும் இருக்கு. வேற பொம்பிளையள் ஒருத்தரும் இல்லை.

— நேற்று முழுக்க நேவிக்காரர் வள்ளம் விடேல்லை. இண்டைக்கு விட்ட முதல் வள்ளத்திலயே வெளிக்கிட்டு வாறா எண்டால் சும்மா வரேல்லை, மாக்கிறேற். எனக்குப் பயமாக் கிடக்கு.

— நீங்கள் ஏன் மாமி பயப்பிடுறியள்? சத்தியத்தை முறிச்சது அவையள். பயப்பிட வேண்டியது அவதான்.

— மெல்லமாக் கதை. என்ர மனுசன் இராயப்பு உள்ளுக்க முழிச்சுக்கொண்டு கிடக்கிறார். ராத்திரி முழுக்க மனுசனுக்கு இழுப்பு. அந்த இழுப்புக்குள்ளயும் என்னைத்தான் ஏசிக்கொண்டு கிடந்தவர். ஒரு நாள் பொறுத்திருக்கலாம், வள்ளம் ஓடினாப் பிறகு ஆளை விட்டுக் கேட்டிருக்கலாம் எண்டு. நான் என்ன செய்ய? இறால் கொம்பனி மனேச்சர் வானை நிப்பாட்டாமலெல்லோ வைச்சுக்கொண்டு நிண்டவர். பொழுதுபட முன்னம் கையெழுத்து, இல்லாட்டித் தராசும் ஐஸ்பெட்டியும் லொறியில ஏறும் எண்டால் மனுசர் எப்பிடிப் பொறுக்கிறது?

— நீங்கள் வைச்சது சரிதான். முப்பத்தொரு பேரும் வைக்கச் சொன்னவை. நானும் சொன்னனான்.

— எல்லாரும் சொன்னவைதான். ஆனால் கடதாசியில கிடக்கிறது என்ர பேர். இறால் உரிக்கிற கூலியில மூண்டில ஒரு பங்கு குறைப்பு. ஞாயிற்றுக்கிழமையும் வேலை. எதிர்க்கரையில இருந்து ஒருத்தரையும் எங்கட கொட்டிலுக்க எடுக்கேலாது. எல்லாத்துக்கும் கீழ அல்போன்சம்மா எண்டு என்ர கையால எழுதியிருக்கு. நாளைக்குப் பூசைக்கு மணி அடிக்கேக்க நாங்கள் இறால் உரிச்சுக்கொண்டு இருப்பம். பங்குச் சுவாமியின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?

— பிள்ளையள் பசியில கிடக்கப் பூசை என்னத்துக்கு எண்டு நேற்று நீங்கள்தானே மாமி சொன்னனீங்கள்.

— சொன்னனான். பயத்தில சொன்னனான். பயம் வந்தால் வாய் என்னவும் சொல்லும்.

— வள்ளம் கிட்ட வந்திட்டுது. அவ எழும்பி நிக்கிறா.

— மனேச்சர் போகேக்க சொன்னது நினைவிருக்கோ உனக்கு? எதிர்க்கரைப் பெண்டுகளோட ஆராவது கதைச்சதாக் கேள்விப்பட்டால் கடதாசியைக் கிழிச்செறிஞ்சுபோட்டுக் கொட்டிலை முழுசா அங்கால கொண்டுபோயிடுவன் எண்டவர். இப்ப இவ வந்து என்ர வாசல் படலையில நிண்டு கூப்பிட்டால் ஒழுங்கை முழுக்கக் கேக்கும். கொம்பனிக்குக் கோள் சொல்ல இந்த ஒழுங்கையிலயும் ஆள் இருக்கு.

— மாமி, நான் ஒண்டு நினைக்கிறன். சொன்னால் ஏசக்கூடாது.

— சொல்லு.

— நாங்கள் குறைச்சதை அறிஞ்சு, அவை அதிலயும் பாக்கக் குறைச்சுச் செய்யிறம் எண்டு சொல்லியிருப்பினமோ? அதைச் சொல்லி வெருட்டத்தான் வாறாவோ?

— அதில இன்னும் குறைக்க என்னடி கிடக்கு? விடிய நாலு மணிக்குக் குந்தினால் மத்தியானம் மட்டும் ஐஸுக்க கை. விரல் எல்லாம் வெடிச்சுக் கிடக்கு. இதைவிடக் குறைச்சால் சும்மா உரிச்சுக் குடுக்கிற மாதிரித்தான்.

— அவையும் பாவம்தான். போன வருசத்து ஆடிக் கலவரத்தில அந்த ஊர் ஆம்பிளையள் கொழும்புப் பக்கத்தில வைச்சிருந்த கடையள் எரிஞ்சது எத்தினை? கப்பலில வந்து இறங்கேக்க உடுத்த உடுப்புத்தான் மிச்சம். இல்லாட்டி அந்தப் பெண்டுகள் இறால் மணத்துக்குக் கிட்டவும் வந்திருப்பினமே? பசி மாமி. அதுதான் சொல்லுறன். வெள்ளிக்கிழமையில மீன் மச்சம் கண்ணாலயும் பாக்காத சைவச் சனம் வெள்ளிக்கிழமையே கொட்டிலுக்க இறங்கியிட்டுது எண்டால் இனி அவை என்னவும் செய்வினம்.

— நீ வடிவாக் கண்டனியோ? திருப்பித் திருப்பிக் கேக்கிறன் எண்டு கோவியாதை.

— எத்தினை தரம் சொல்லுறது? நேற்று விடிய ஜெற்றி முனையில ஏறி நிண்டு பாத்தனான். கொட்டில் கதவு ரண்டும் ஆவெண்டு திறந்து கிடந்தது. பெண்டுகள் உள்ளுக்கயும் வெளியாலயும் ஓடித் திரிஞ்சவை. கிடாரத்தில ஆவி பறந்தது. வாளி வாளியாத் தண்ணியைக் கொண்டுவந்து கடலுக்க ஊத்தினவை. காகம் எல்லாம் மேல சுத்தினது. இறால் உரிக்கேக்க நாங்கள் என்ன செய்யிறனாங்கள்? அதையேதான் அவையும் செய்தவை. நான் மட்டுமே கண்டனான்? எங்களோட உரிக்கிற கத்தரீனாவையும் கூப்பிட்டுக் காட்டினனான்.

— வெள்ளிக்கிழமையில அவை கொட்டிலைத் திறந்து நான் ஒரு நாளும் கண்டதில்லை.

— அதைத்தானே சொல்லுறன். வெள்ளி படுகிற இறால் முழுக்க எங்களிட்டை வாறது, ஞாயிறு படுகிறது அவையிட்டைப் போறது. துவங்கின நாளில இருந்து அப்பிடித்தான். மனேச்சர் வியாழக்கிழமை அங்க போய்க் கடதாசியை நீட்டினவர் எண்டு ஐஸ் லொறிக்காரனும் சொன்னவன். வியாழன் கடதாசி, வெள்ளி வேலை. இதில யோசிக்க என்ன கிடக்கு?

— அந்தோனியார் கோயில் வாசல் முத்தத்தில ரண்டு கரையும் சத்தியம் பண்ணி நிண்டதுதான் எனக்குக் கண்ணுக்க நிக்குது. நாங்கள் சொரூபத்தின்ர காலைத் தொட்டனாங்கள். அவை வெத்திலையில கற்பூரம் கொளுத்தி உள்ளங்கையால அணைச்சவை. மனோகரியின்ர கையில கொப்புளம் போட்டது. மனேச்சர் எந்தக் கரையில வந்து கூலியைக் குறைக்கக் கேட்டாலும், மற்றக் கரையைக் கேக்காமல் ஒருத்தரும் கையெழுத்து வைக்கிறேல்லை எண்டு. கேக்காமல் வைச்சது ஆர், மாக்கிறேற்?

— முதல் அவை.

— முதல் அவை. ரண்டாவது நான்.

— மாமி, படலை அடிபடுது. நீங்கள் வீட்டில இல்லை எண்டு சொல்லிவிடட்டோ?

— அக்கா. அல்போன்சம்மா அக்கா. நான் காரைநகர் மனோகரி வந்திருக்கிறன்.

— கூப்பிடாதையும் தங்கச்சி, கேட்டுது. குசினிப் பக்கத்தால வாரும். கெதியா வாரும். மாக்கிறேற், அந்தக் கதவைப் பூட்டு.

— ஏனக்கா பூட்டுறியள்? இஞ்சயும் ஏதும் பிரச்சினையோ?

— ஒண்டுமில்லை. காத்து. உந்த வாங்கில இரும்.

— ஒரு மிடறு தண்ணி தாங்கோ. ஜெற்றியில நேவிக்காரர் மறிச்சு வைச்சிட்டாங்கள். எங்க போறாய், என்னத்துக்குப் போறாய், அடையாள அட்டை எங்க எண்டு அரை மணித்தியாலம். ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குப் போறன், நெஞ்சு நோகுது எண்டு பொய் சொன்னனான். பொய் சொல்லச் சொல்ல உண்மையிலயே நோகத் துவங்கியிட்டுது. பேந்து வள்ளத்துக்க இருக்கேக்க, திருப்பிக் கூப்பிடுவாங்களோ எண்டு பின்னால பாக்கவும் பயம்.

— இவ்வளவு பயத்தில ஏன் வெளிக்கிட்டனீர்? நாளைக்கு வந்திருக்கலாமே.

— நாளைக்குப் பிந்தியிடும் அக்கா. மனேச்சர் இஞ்ச வந்தவரோ?

— எந்த மனேச்சர்?

— எங்களுக்கு எத்தினை மனேச்சர் இருக்கினம்? அவர்தான். வந்தவரோ?

— தேத்தண்ணி வைக்கிறன். சீனி இல்லை, பனங்கட்டிதான் இருக்கு.

— வேண்டாம் அக்கா. என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. வந்தவரோ இல்லையோ?

— மாமி, நீங்கள் ஏன் ஒளிக்கிறியள்? நான் கேக்கிறன். மனோகரியக்கா, நேற்று வெள்ளிக்கிழமை. உங்கட கொட்டில் ஏன் திறந்து கிடந்தது?

— அது உமக்கு எப்பிடித் தெரியும்?

— நான் ஜெற்றியில நிண்டு கண்டனான்.

— என்ன கண்டனீர்?

— எல்லாம் கண்டனான். கதவு திறந்து கிடந்ததையும் கண்டனான். நீங்கள் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிண்டதையும், கிடாரத்தில ஆவி பறந்ததையும், நீங்கள் எல்லாரும் தண்ணி ஊத்தினதையும் கண்டனான். இல்லையெண்டு சொல்லுங்கோ பாப்பம்.

— இல்லையெண்டு என்னெண்டு சொல்லுறது? இருபத்துநாலு பேரும் நிண்டனாங்கள்தான். விடிய நாலு மணியில இருந்து மத்தியானம் மட்டும்.

— கேட்டியளே மாமி? அவவின்ர வாயாலயே வந்திட்டுது.

— நீ கொஞ்சம் சும்மா இரு பிள்ளை. தங்கச்சி, நான் உம்மை ஏச வரேல்லை. பசி எண்டால் என்னெண்டு எனக்கும் தெரியும். ஆனால் ஒரு சொல் அனுப்பியிருக்கலாம். ஐஸ் லொறிக்காரனிட்டையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம்.

— அவன் கொம்பனியின்ர ஆள். அவனிட்டை இதைச் சொல்லி அனுப்பேலாது. அதாலதான் நானே வந்தனான். அக்கா, இவ இதைக் கண்டது நேற்று விடிய. கண்டுபோட்டு நீங்கள் என்ன செய்தனீங்கள்?

— என்ன செய்தனாங்கள் எண்டால்...

— சொல்லுங்கோ அக்கா.

— பின்னேரம் நாலு மணிக்கு அவர் வந்தவர். காரைநகர் ஆக்கள் வைச்சிட்டினம், அங்க வேலையும் துவங்கியிட்டுது, நீங்களே கரையில நிண்டு பாத்திருப்பியள்தானே எண்டவர். நாங்கள் பாத்திருந்தனாங்கள். கொம்பனிக்கு ஒரு கொட்டிலே காணும், ரண்டு வேண்டாம், பொழுதுபட முன்னம் வைச்சால் உங்கட கொட்டில், இல்லாட்டி அங்கத்தைக் கொட்டில் எண்டவர். உம்மட்டை ஆளனுப்ப வள்ளமும் இல்லை. பெண்டுகள் அழத் துவங்கியிட்டுதுகள். அல்போன்சம்மா அக்கா, வையுங்கோ, வையுங்கோ எண்டுதுகள். நான் வைச்சிட்டன்.

— கையெழுத்து வைச்சிட்டியளோ?

— வைச்சிட்டன். நான் மறைக்கேல்லை. பயத்தில வைச்சனான்.

— அதில என்ன எழுதியிருக்கு?

— கூலி குறைப்பு. ஞாயிறும் வேலை. எதிர்க்கரை ஆக்களைக் கொட்டிலுக்க எடுக்கேலாது.

— எதிர்க்கரை ஆக்களை எடுக்கேலாதோ? அப்பிடியும் எழுதியிருக்கோ?

— எழுதியிருக்கு. ஏன் அதைக் கேக்கிறீர்? உங்களுக்குத்தான் உங்கட கொட்டில் இருக்கே.

— கடதாசி இப்ப எங்க? மனேச்சர் யாழ்ப்பாணத்திலதானே நிப்பார். இப்ப பஸ் எடுத்தால்...

— ராத்திரி லொறியோட கொழும்புக்குப் போயிட்டுது. இண்டைக்கு விடிய முதலாளியின்ர மேசையில இருக்கும் எண்டு சொல்லித்தான் வாங்கிக்கொண்டு போனவர்.

— ஐயோ, அக்கா.

— என்ன தங்கச்சி? ஏன் தலையைப் பிடிக்கிறீர்? முதல் வைச்சது நீங்கள்தானே.

— நாங்கள் வைக்கேல்லை அக்கா.

— மனோகரியக்கா, இப்பதானே சொன்னனீங்கள், இருபத்துநாலு பேரும் நிண்டனாங்கள் எண்டு.

— நிண்டனாங்கள் எண்டுதான் சொன்னனான். வைச்சனாங்கள் எண்டு சொல்லேல்லை. என்னெண்டு சொல்லுறது, வியாழக்கிழமையில இருந்து துவங்கிச் சொல்லுறன். அவர் வந்தவர், உண்மை. ஊர்காவற்றுறையில அல்போன்சம்மா கையெழுத்து வைச்சிட்டா, இனி உங்கட விருப்பம் எண்டு சொல்லித்தான் கடதாசியை நீட்டினவர். எங்களுக்கு வெள்ளிக்கிழமையும் வேலை எண்டு எழுதியிருந்தது. சிவக்கொழுந்து எழும்பிப் போய்ப் பேனையையும் எடுத்திட்டா. அவவுக்கு மூண்டு பொம்பிளைப்பிள்ளையள். புருசன் கடை எரிஞ்ச நாளில இருந்து சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். நான் அவவின்ர கையைப் பிடிச்சனான். அல்போன்சம்மா அக்கா எங்களைக் கேக்காமல் வைக்கமாட்டா, இவர் பொய் சொல்லுறார் எண்டனான். ஒருத்தியும் மறுத்துப் பேசேல்லை. அந்த அக்கா அப்பிடிச் செய்யமாட்டா எண்டு சிவக்கொழுந்தும் சொல்லிப்போட்டுப் பேனையைத் திருப்பிக் குடுத்திட்டா. மனேச்சர் ஏசிப்போட்டுப் போயிட்டார்.

— மாதாவே.

— அண்டைக்குப் பின்னேரம் எல்லாரும் எங்கட வீட்டில கூடியிருந்து யோசிச்சனாங்கள். பயம்தான் அக்கா. இண்டைக்குத் தப்பினாலும் அடுத்த மாதம் திரும்ப வருவார். எங்களுக்கு உங்களைக் காட்டுவார், உங்களுக்கு எங்களைக் காட்டுவார். ரண்டு கரையிலயும் ரண்டு கொட்டில் இருக்குமட்டும் இது முடியாது. அப்பதான் எங்கட மாமா வாயைத் திறந்தவர். கொட்டில் நிக்கிறது அவற்ற காணியெல்லோ. கொம்பனிக்கு மாதக் குத்தகைக்குத்தான் குடுத்தவர்.

— ஐயாத்துரை அண்ணையோ? அவர் ஒண்டும் பேசாத மனுசனெல்லோ.

— அவர்தான் கேட்டவர். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வியள், வெள்ளி செய்யமாட்டியள். அவை வெள்ளி செய்வினம், ஞாயிறு செய்யாயினம். ஒரே கொட்டிலில ரண்டு பேரும் இருந்தால் கொம்பனிக்கு ஏழு நாளும் ஓடுமே, பேந்து என்னத்தைக் காட்டிக் கூலியைக் குறைப்பார் எண்டு. எங்களுக்கு அது மூளையில ஏறேல்லை அக்கா, ஒரு கிழவன் சொல்லத்தான் ஏறினது. அப்ப எந்தக் கொட்டிலை வைச்சிருக்கிறது எண்டு கேள்வி வந்தது. உங்கடைதான் பெரிசு. ஜெற்றியும் கிட்ட. நாங்கள் வள்ளத்தில வந்து உங்களோட குந்துவம், அல்போன்சம்மா அக்கா இடம் விடுவா எண்டு நான்தான் சொன்னனான்.

— மனோகரியக்கா, அப்ப நான் கண்டது? அந்தக் கிடாரம்? அந்தத் தண்ணி?

— இறால் ஒண்டும் இல்லைப் பிள்ளை. வெள்ளிக்கிழமை நாங்கள் வீடு கழுவுற நாள். கொட்டிலை மாமாட்டை ஒப்படைக்க முன்னம் மச்ச மணம் போகச் சுடுதண்ணி ஊத்திக் கழுவினனாங்கள். கழுவாமல் ஒருத்தரின்ர இடத்தை எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது? கழுவி முடிய மாமா பூட்டைப் போட்டவர். குத்தகை இனி இல்லை எண்டு கொம்பனிக்குத் தந்தியும் அடிச்சாச்சு.

— இருபத்துநாலு பேரின்ர வேலையும்...

— அங்க இனி வேலை இல்லை அக்கா. இஞ்சதான் இருக்கு எண்டு நினைச்சனாங்கள்.

— நான் என்ன செய்துபோட்டன், மாக்கிறேற்? நான் என்ன செய்துபோட்டன்?

— நான்தான் மாமி. என்ர கண்ணை நம்பினனீங்கள். நான்தான்.

— தங்கச்சி, ஏன் எழும்பிறீர்? இரும். எனக்கு ரண்டு அடியாவது போட்டுவிட்டுப் போம். மனேச்சர் வந்தவரோ எண்டு கேட்டுக்கொண்டெல்லோ உள்ளுக்க வந்தனீர். என்னத்தைச் சொல்ல வந்தனீர்?

— அவர் வந்து கடதாசியை நீட்டினால் பயப்பிடாமல் மாட்டன் எண்டு சொல்லுங்கோ, இனி உங்களை வெருட்டிறதுக்கு அவரிட்டை வேற கொட்டில் இல்லை எண்டு சொல்லத்தான் அக்கா வந்தனான்.